ஒபாசிட்டியை விட்டுவிட்டு ஃப்ளோவைக் குறைத்துப் பாருங்கள்

டிஜிட்டலில் வரைய ஆரம்பித்த புதிதில், பிரஷ்ஷின் அமைப்புகளான ஒபாசிட்டி, ஃப்ளோ இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டியிருக்கிறேன். எதைக் குறைத்தாலும் நிறம் வெளிறுகிறது, பிறகு எதற்கு இரண்டு ஸ்லைடர் என்று அலுத்துக்கொண்டதோடு சரி. வித்தியாசத்தைப் படித்துப் புரிந்துகொள்வது கஷ்டம், கையால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தால் 2 நிமிடத்தில் விளங்கிவிடும்.

ஃபோட்டோஷாப்பில் ஒரு வெள்ளைப் பக்கம் திறந்து, ஓரம் கூர்மையான சாதாரண வட்ட பிரஷ்ஷை எடுத்துக் கறுப்பு நிறம் வையுங்கள். பேனா அழுத்தத்துக்கான பொத்தான்கள் இப்போதைக்கு அணைந்தே இருக்கட்டும். ஒபாசிட்டி 50, ஃப்ளோ 100. பேனாவை எடுக்காமல் ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். எத்தனை முறை போனாலும் அதே சாம்பல்தான், ஒரு துளி ஏறாது. பேனாவை எடுத்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்தால் 75 சதவீதம் ஆகும், மூன்றாவது முறை 87.5. ஒபாசிட்டி என்பது ஒரு ஸ்ட்ரோக்குக்கான உச்சவரம்பு, பேனா திரையைத் தொட்டதிலிருந்து எடுக்கும்வரை நிறம் அந்த அளவைத் தாண்டாது.

இப்போது ஒபாசிட்டியை 100 ஆக்கி, ஃப்ளோவை 10க்குக் கொண்டுவாருங்கள். அதே தேய்ப்பு. இந்த முறை பேனாவை எடுக்காமலேயே, போகப் போக நிறம் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். குழாயை லேசாகத் திறந்துவிட்ட மாதிரி. மூன்றாவதாக ஒபாசிட்டி 50, ஃப்ளோ 10 வைத்துத் தேயுங்கள்: மெதுவாக ஏறும், பாதி கறுப்பில் நின்றுவிடும், அதற்கு மேல் என்ன தேய்த்தாலும் அசையாது. ஒபாசிட்டி தொட்டியின் விளிம்பு, ஃப்ளோ குழாயின் திருகு.

இதற்குள் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது, பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதைத்தான். பிரஷ் போடுவது தொடர்ச்சியான கோடு இல்லை, நெருக்கமாக வைத்த அச்சுகளின் வரிசை. ஃப்ளோ என்பது ஒவ்வொரு அச்சுக்கும் எவ்வளவு மை என்ற கணக்கு. அச்சுகளுக்கு இடையிலான தூரம்தான் ஸ்பேசிங், அது பிரஷ்ஷின் விட்டத்தில் இத்தனை சதவீதம் என்று குறிக்கப்படும். ஸ்பேசிங் 25 என்றால் கோட்டின் நடுவில் ஒரு புள்ளியின் மேல் சுமார் 4 அச்சு விழும், ஃப்ளோ 10 இருந்தால் ஒரே இழுப்பில் அங்கே 34 சதவீதம் நிறம் சேரும். ஸ்பேசிங்கை மட்டும் 5க்குக் குறையுங்கள், அதே புள்ளியில் 20 அச்சு விழுந்து நிறம் 88 சதவீதத்தைத் தொடும். ஃப்ளோவைத் தொடவே இல்லை! யாரோ கொடுத்த பிரஷ்ஷில் ஃப்ளோ 10 மென்மையாகவும், உங்கள் பிரஷ்ஷில் அதே 10 தார் பூசியது போலவும் இருந்தால் முதலில் ஸ்பேசிங்கைப் பாருங்கள்.

சரி, எதை எப்போது குறைப்பது? என் பழக்கத்தைச் சொல்கிறேன், சட்டம் ஒன்றும் இல்லை. கோடு போடும்போதும் அடிப்படை நிறம் நிரப்பும்போதும் இரண்டும் 100. கன்னம், மேகம், புகை என்று நிழலும் வெளிச்சமும் மெல்லக் கரைய வேண்டிய இடங்களில் ஒபாசிட்டியை 100லேயே விட்டுவிட்டு ஃப்ளோவை மட்டும் 5 முதல் 15க்குள் வைத்து, ஓரம் மென்மையான பெரிய பிரஷ்ஷால் தடவுவேன். ஆரம்பத்தில் நான் ஒபாசிட்டியை 30க்கு இறக்கி, சின்ன பிரஷ்ஷால் பொறுமையாகத் தீற்றுவேன், ஒவ்வொரு முறை பேனாவை எடுத்து வைக்கும்போதும் ஸ்ட்ரோக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முகம் முழுக்கப் பிளாஸ்திரி ஒட்டியது போல ஆகிவிடும். அந்தத் திட்டு உங்கள் படத்திலும் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் ஒரே சீரான, திட்டில்லாத நிழல் வேண்டும் என்றால் இரண்டையுமே குறைக்க வேண்டாம். தனி லேயர் (படத்தின் மேல் வைக்கும் கண்ணாடித் தாள் மாதிரி) திறந்து, அதன் கலப்பு முறையை மல்டிப்ளை (கீழே உள்ள நிறத்தைக் கறுக்கச் செய்வது) ஆக்கி, பிரஷ்ஷை 100லேயே வைத்து நிழலைத் தைரியமாக நிரப்பிவிட்டு, லேயரின் ஒபாசிட்டியைக் குறையுங்கள். நாளைக்கு மனசு மாறினால் ஒரு ஸ்லைடரை நகர்த்தினால் போதும்.

பேனா அழுத்தத்தை எதனோடு இணைப்பது என்பது அடுத்த குழப்பம். ஃபோட்டோஷாப்பில் பிரஷ் அமைப்புகளில் டிரான்ஸ்ஃபர் என்ற பகுதியில் இரண்டுக்கும் தனித்தனியாகப் பேனா அழுத்தத்தைக் கொடுக்கலாம். நான் ஃப்ளோவுக்கு மட்டும் கொடுப்பேன். இரண்டுக்கும் கொடுத்தால் லேசாகத் தொடும்போது வரம்பும் குறைகிறது, மையும் குறைகிறது, கோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் கையை அழுத்த ஆரம்பித்து மணிக்கட்டு வலிதான் மிச்சம். கூடவே, நிறப் படிகள் குறைவான 8 பிட் கோப்பில் ஃப்ளோவை 1, 2 என்று வைத்துப் பெரிய வானம் தடவினால் நிறம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியலாம், அப்படிப்பட்ட படத்தைப் படிகள் அதிகமான 16 பிட்டில் தொடங்குங்கள்.

மற்ற மென்பொருட்களில் பெயரும் இடமும்தான் மாறும். கிளிப் ஸ்டூடியோ பெயின்டில் ஃப்ளோ என்று தேடாதீர்கள், கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்வது பிரஷ் டென்சிட்டி. புரோகிரியேட்டில் பக்கவாட்டில் கீழே உள்ள ஸ்லைடர் ஒபாசிட்டி, ஃப்ளோ பிரஷ்ஷின் அமைப்புக்குள் ரெண்டரிங் பகுதியில் இருக்கிறது. கிரிட்டாவில் மட்டும் ஒரு எச்சரிக்கை: பிரஷ் எடிட்டரில் வாஷ், பில்ட் அப் என்று இரண்டு முறை உண்டு. மேலே சொன்ன உச்சவரம்புக் கணக்கு வாஷில்தான் பொருந்தும், பில்ட் அப்பில் ஒரே ஸ்ட்ரோக்குக்குள்ளேயே நிறம் ஏறிக்கொண்டே போகும்.

ஸ்லைடரைத் தேடி ஓடாமல் இருக்க, ஃபோட்டோஷாப்பில் எண் பொத்தான்களே போதும். 4 அழுத்தினால் ஒபாசிட்டி 40, 0 அழுத்தினால் 100, வேகமாக 4, 5 என்று தட்டினால் 45. ஷிஃப்ட் சேர்த்து அழுத்தினால் அதே எண் ஃப்ளோவுக்குப் போகும். ஏர்பிரஷ் பொத்தான் (பேனா ஒரே இடத்தில் நின்றாலும் மை ஏறிக்கொண்டே போக வைப்பது) அழுத்தியிருந்தால் இது தலைகீழாகிவிடும், வெறும் எண் ஃப்ளோவை மாற்றும். கையில் நகர்த்தும் கருவி இருக்கும்போது எண்ணைத் தட்டினால் லேயரின் ஒபாசிட்டியே மாறிவிடும்.

ஒருநாள் இரவு திடீரென்று பிரஷ் வெளிற ஆரம்பித்தது. எவ்வளவு அழுத்தினாலும் நிறம் வரவில்லை. டேப்லெட்டுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று டிரைவரை நீக்கி, மறுபடி நிறுவி, கணினியை இரண்டு முறை அணைத்துப் போட்டு, பேனாவின் முனையைக்கூட மாற்றிப் பார்த்தேன். கடைசியில் மேலே உள்ள பட்டையைப் பார்த்தால் ஃப்ளோ 3 என்று இருக்கிறது, எப்போதோ கை தவறி ஷிஃப்டோடு 0, 3 இரண்டையும் தட்டியிருக்கிறேன்.