ஹகாட்டா ராமென் கடையில் திணறாமல் சாப்பிடுவது எப்படி

ஜப்பானில் ஃபுகுவோகா பக்கம் (ஹகாட்டா அந்த நகரத்தின் ஒரு பகுதி) போகிறவர்கள் ராமென், அதாவது சூப்பில் போட்ட நூடுல்ஸ், சாப்பிடாமல் திரும்புவதில்லை, ஆனால் அங்கே பல சின்னக் கடைகளில் மெனுவை நீட்டி என்ன வேண்டும் என்று கேட்க யாரும் வரமாட்டார்கள். வாசலை ஒட்டி நிற்கும் டிக்கெட் மெஷினில் பணத்தைப் போட்டு, பட்டனை அமுக்கி, விழுகிற சீட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டும். கடைக்குக் கடை முறை மாறும். சில இடங்களில் சீட்டு வாங்கிய பிறகுதான் வரிசை, சில இடங்களில் வரிசையில் நின்று முறை வந்த பிறகுதான் சீட்டு. முன்னால் நிற்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்து அதையே செய்யுங்கள், போதும்.

கிளம்பும் முன் பர்ஸில் ஆயிரம் யென் நோட்டுகள் நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய மெஷின்கள் நிறைய ஐயாயிரம், பத்தாயிரம் யென் நோட்டுகளை வாங்காது. 2024 ஜூலையில் ஜப்பான் புது நோட்டுகளை வெளியிட்டபோது அவற்றைத் துப்பிவிட்ட மெஷின்களும் ஏராளம், எல்லாக் கடைக்காரர்களும் உடனே மெஷினை மாற்றிவிடவில்லை. மீதிச் சில்லறைக்குச் சில மெஷின்களில் ஒரு லீவரை இழுக்க வேண்டும். பட்டனை அமுக்கிவிட்டுச் சீட்டோடு போய்விடாதீர்கள். எழுத்து புரியவில்லையா, போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள். பின்னால் கூட்டம் நெருக்குகிறது, அதற்கும் நேரமில்லை என்றால் மேல் வரிசையில் இடது ஓரத்துப் பட்டன். பெரும்பாலும் கடையின் பிரதான ராமென் அங்கேதான் இருக்கும்.

சைவக்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹகாட்டா ராமெனின் வெள்ளை சூப் டொன்கொட்சு, அதாவது பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைத்து எடுத்தது. மேலே வைக்கிற இறைச்சித் துண்டை எடுத்துவிடச் சொன்னால் சைவமாகிவிடாது. சோயா, மிசோ என்று பெயர் போட்ட ராமெனிலும் சூப்பில் கோழியோ பன்றியோ காய்ந்த மீனோ இருப்பதுதான் வழக்கம். டோக்கியோ ஸ்டேஷனுக்குள், டிக்கெட் கேட்டைத் தாண்டி, டீஸ் டான்டான் என்ற கடையில் முழு வீகன் ராமென் கிடைக்கும். ஹலால் வேண்டுமென்றால் அதற்கென்றே இருக்கும் கடையைத் தேடிப் போங்கள், இங்கே வந்து பேரம் பேசிப் பயனில்லை.

சரி, உட்கார்ந்தாயிற்று. சீட்டைக் கவுண்டர் மேல் வைத்ததும் கடைக்காரர் ஏதோ கேட்பார். பெரும்பாலும் நூடுல்ஸ் எந்தப் பதத்தில் வேண்டும் என்ற கேள்விதான். யவா என்றால் மெத்தென்று இருக்கும், ஃபுட்சூ சாதாரணம், கத்தா கொஞ்சம் விறைப்பு, பாரிகத்தா இன்னும் விறைப்பு, ஹரிகானே கம்பி மாதிரி. முதல் தடவை கத்தா என்று சொல்லுங்கள். ஹகாட்டா நூடுல்ஸ் மெல்லியது, சுடு சூப்பில் கிடக்கக் கிடக்க ஊறிக் குழைந்துகொண்டே போகும், அதனால் சற்று விறைப்பாகவே தொடங்குவது நல்லது. வீராப்பாக ஹரிகானே கேட்டால் பச்சை மாவு வாசனைதான் மிச்சம்.

கிண்ணம் வந்ததும் முதலில் சூப்பை இரண்டு கரண்டி வெறுமனே ருசி பாருங்கள். மேஜை மேல் சிவப்பு இஞ்சி ஊறுகாய், எள், காரமான கடுகுக்கீரை, பூண்டு எல்லாம் இலவசமாக இருக்கும், நமக்குக் கை சும்மா இருக்காது என்று தெரியும், ஆனால் எடுத்த எடுப்பிலேயே அள்ளிக் கொட்டினால் சூப்பின் ருசியே தெரியாமல் போகும். பாதிக்கு மேல் சாப்பிட்ட பிறகு போடுங்கள். உறிஞ்சும் சத்தம் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். போட்டோ ஒன்று எடுத்தால் போதும், நூடுல்ஸ் காத்திருக்காது.

இந்த ஊரின் பெரிய சௌகரியம் கயேதமா. நூடுல்ஸ் தீர்ந்து சூப் மட்டும் மிஞ்சினால், இன்னொரு பிடி நூடுல்ஸை வேகவைத்து அதே சூப்பில் போட்டுக்கொடுப்பார்கள். பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது யென்தான். நாகஹாமா மீன் மார்க்கெட் தொழிலாளர்களுக்காக வந்த வழக்கம் என்கிறார்கள். அவசரத்தில் சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று வேகும் மெல்லிய நூடுல்ஸ், வயிறு நிறையாவிட்டால் இன்னொரு ரவுண்டு. அதனால் முதல் ரவுண்டிலேயே சூப்பைக் குடித்துத் தீர்த்துவிடாதீர்கள். கிண்ணத்தில் இரண்டு மூன்று வாய் நூடுல்ஸ் இருக்கும்போதே "கயேதமா, கத்தா" என்று குரல் கொடுத்துவிட்டால் நீங்கள் முடிப்பதற்கும் அது வருவதற்கும் சரியாக இருக்கும். சூப் நீர்த்துப்போனால் மேஜையில் இருக்கும் சோயா கலவையைச் சில சொட்டு விடலாம். பெரிய சைஸ் கேட்டு ஊறிப்போன நூடுல்ஸோடு மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

முடிந்ததும் கிண்ணத்தைக் கவுண்டரின் மேல் தட்டில் ஏற்றி வைத்து, துணி இருந்தால் மேஜையைத் துடைத்து, "கொச்சிசோசமா" (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். டிப்ஸ் வைக்க வேண்டாம். உட்கார்ந்து அரட்டை அடிக்கிற இடமும் இல்லை, வெளியே ஆள் நிற்கும். நாலைந்து பேராகப் போனால் பிரிந்து உட்காரத் தயாராக இருங்கள். இரவில் தாமதமாகப் போனால் சூப் தீர்ந்துவிட்டது என்று கடையை அடைத்திருப்பார்கள், கோபித்துக்கொண்டு பிரயோஜனமில்லை.

சாயங்காலம் நகாசு, தென்ஜின் பக்கம் வரிசையாக நிற்கும் யதாய் தள்ளுவண்டிக் கடைகளில் மெஷின் கிடையாது. விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு உட்காருங்கள், கையில் ரொக்கம் இருக்கட்டும், ராமெனைக் கடைசியாகச் சொல்லுங்கள், அதற்கு முன் வாட்டிய குச்சி அயிட்டம் ஏதாவது வாங்கிக்கொள்ளலாம்.