பேக்கப் ‘இருக்கும்’ என்று நம்பி ரீசெட் போடாதீர்கள்: போனில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

போன் பழுது பார்க்கும் மேசைக்கு வேலை பழக வரும் பிள்ளைகளும், வீட்டில் எல்லோருடைய போனையும் கவனிக்கும் பொறுப்பு தலையில் விழுந்தவர்களும் ஒரே மாதிரியான தவறுகளைத்தான் செய்கிறார்கள். இந்த வேலைக்கு வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் செய்தவைதான். போன்கள் எவ்வளவோ மாறிவிட்டன. தவறுகள் அப்படியே இருக்கின்றன. ஓடிபியைச் சொல்லாதீர்கள், தெரியாத லிங்கைத் தொடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் கேட்டுச் சலித்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். அதில் ஒன்று, இத்தனை காலம் கழித்தும் எனக்கு எரிச்சலூட்டுவது. அதிலிருந்தே தொடங்கலாம்.

## பேக்கப்பைக் கண்ணால் பார்க்காமல் ரீசெட் போடுவது

போன் மெதுவாகிறது, அடிக்கடி ஹேங் ஆகிறது, ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது என்கிறது. உடனே யாராவது ஒருவர் சொல்வார்: “ஃபேக்டரி ரீசெட் போட்டுடு, புதுசு மாதிரி ஆயிடும்.” ஆகும்தான். உள்ளே இருந்தது எதுவும் இல்லாமல், புதிது போலவே ஆகும்.

எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். தையல் வேலை செய்யும் ஓர் அக்கா, மெதுவாகிப்போன போனோடு வந்தார். அப்போதுதான் வேலை பழகிக்கொண்டிருந்த பையன் வாங்கிப் பார்த்தான்.

“பேக்கப் இருக்காக்கா?”

“இருக்கும் தம்பி. போட்டோவெல்லாம் தானா கூகுளுக்குப் போயிடும்னு சொல்லியிருக்காங்க.”

அவன் ரீசெட் போட்டான். கணக்கில் மறுபடி நுழைந்து கூகுள் போட்டோஸைத் திறந்தபோது படங்கள் வரத்தான் செய்தன. ஆனால் பல மாதங்களுக்கு முந்தைய ஒரு நாளோடு நின்றுவிட்டன. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. “இன்னும் லோடு ஆகுது போல” என்று அந்த அக்கா விரலால் திரையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். வாடிக்கையாளர்களின் அளவுக் குறிப்புகளையும், யார் எவ்வளவு முன்பணம் கொடுத்தார்கள் என்பதையும் சீட்டில் எழுதி, படம் பிடித்துவிட்டு, சீட்டைக் கிழித்துப் போடுவது அவர் வழக்கம். அவருடைய தொழில் கணக்கே அந்தப் படங்களில்தான் இருந்தது.

என்ன நடந்தது? பேக்கப் ‘ஆன்’ செய்துதான் இருந்தது. ஆனால் கணக்கில் இடம் தீர்ந்து மாதக்கணக்காகிவிட்டது. கூகுள் கணக்குக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15. முன்பு, அளவு குறைத்துச் சேமிக்கும் படங்கள் இந்த 15 ஜிபியில் சேராது. எத்தனை வேண்டுமானாலும் போடலாம். 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றுவிட்டது. அதற்கு முன்பு போனை அமைத்துக்கொண்ட பலர் இன்னமும் பழைய நினைப்பிலேயே இருக்கிறார்கள். 2024இலிருந்து ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே 15 ஜிபியில் இடம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. ஐபோன்காரர்களுக்கு ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபி மட்டுமே, அது இன்னும் சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பியதும் பேக்கப் நின்றுவிடும். அறிவிப்பு வரும், மின்னஞ்சலும் வரும். விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடுவதுதான் பலருக்கும் பழக்கம்.

“ஏதாவது சாஃப்ட்வேர் போட்டு எடுத்துட முடியாதா?” என்று கேட்பார்கள். இப்போதைய போன்களில் முடியாது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், புதிதாக வெளியாகும் எல்லா போன்களிலும் தகவல்களை என்கிரிப்ட் செய்து, அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி, வைப்பது கட்டாயம். ஐபோனில் இது அதைவிடப் பழைய ஏற்பாடு. ரீசெட் போடும்போது, அந்த என்கிரிப்ஷனின் சாவியே அழிந்துவிடுகிறது. பூட்டிய பெட்டியின் ஒரே சாவியை உருக்கிவிட்ட மாதிரி. பெட்டிக்குள் ஏதாவது மிச்சம் இருந்தாலும் யாராலும் படிக்க முடியாது. ரீசெட் செய்த போனிலிருந்து படங்களை மீட்டுத் தருகிறோம் என்று முன்பணம் கேட்பவர்களிடம் தயவுசெய்து ஏமாறாதீர்கள். ஏற்கெனவே இழந்து நிற்பவரிடம் மேலும் பறிக்கிற வேலை அது.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? போனில் தெரியும் ‘பேக்கப் ஆன்’ என்ற வரியை நம்பவே கூடாது. மேசைமேல் கிடக்கும் சார்ஜர் வயரையோ பேனாவையோ இப்போது ஒரு படம் எடுங்கள். கொஞ்ச நேரம் பொறுத்து, வேறொரு போனிலோ கணினியிலோ அதே கணக்கில் நுழைந்து பாருங்கள். அந்த வயர் அங்கே தெரிந்தால் பேக்கப் இன்று வேலை செய்கிறது என்று அர்த்தம். தெரியாவிட்டால் ரீசெட் பக்கமே போகாதீர்கள். அப்புறம், சென்ற மாதப் படம் ஒன்று, சென்ற வருடப் படம் ஒன்று, ஒரு வீடியோ ஆகியவற்றையும் அங்கேயே திறந்து ஓட விட்டுப் பாருங்கள்.

இதோடு வேலை முடியவில்லை. போட்டோஸ் பேக்கப்பில் சேராதவை நிறைய உண்டு, ஆட்கள் ஏமாறுவதும் அங்கேதான்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் கூகுள் போட்டோஸுக்குத் தானாகப் போகாது. இயல்பாகப் போவது கேமராவில் எடுத்தவை மட்டும்தான். மற்ற ஃபோல்டர்களைத் தனித்தனியாக ஆன் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல்களுக்கு அதன் உள்ளேயே வேறு பேக்கப் இருக்கிறது. செட்டிங்ஸில் ‘சாட்ஸ்’ பகுதிக்குள் போய், கடைசியாக எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். ‘எண்டு டு எண்டு என்கிரிப்டட் பேக்கப்’ ஆன் செய்து கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ வைத்திருந்தால், அது இப்போதும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது தொலைந்துவிட்டால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது.

தொடர்பு எண்கள் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கின்றனவா, வெறுமனே போனில் இருக்கின்றனவா என்பதைப் பாருங்கள். ‘டிவைஸ்’ என்று போட்டிருந்தால், அவற்றைக் கணக்குக்கு நகர்த்தாமல் ரீசெட் போடுவது ஆபத்து. குரல் பதிவுகள், டவுன்லோட்ஸ் ஃபோல்டர், கணக்கில்லாமல் பயன்படுத்தும் நோட்ஸ் ஆப் ஆகியவற்றையும் கணக்கில் எடுங்கள். மெமரி கார்டை ‘இன்டர்னல் ஸ்டோரேஜ்’ ஆக ஃபார்மட் செய்து போட்டிருந்தால், அதன் சாவியும் அந்தப் போனில்தான் இருக்கிறது. ரீசெட்டுக்குப் பிறகு கார்டும் படிக்க முடியாமல் போய்விடும். அப்புறம், பூட்டி வைத்த ஃபோல்டர். அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்கக் கூடாது. “பூட்டின ஃபோல்டர் ஏதாவது இருந்தா நீங்களே ஒரு தடவை பாத்துக்குங்க” என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நில்லுங்கள். இந்த நாகரிகத்தைப் பழக வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

கடவுச்சொல்லோடு இன்னோர் எண்ணையும் கேட்கும் இருமடிக் காப்புக்கான ஆறு இலக்க எண் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப் இன்னொன்று. கூகுள் ஆத்தென்டிகேட்டர் அந்த எண்களைக் கணக்கோடு இணைத்து வைக்கும் வசதியை 2023இல்தான் கொண்டுவந்தது. அதை ஆன் செய்யாதவர்கள் ரீசெட் போட்டால், தங்கள் சொந்தக் கணக்குகளின் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். புதிய போனுக்கு மாற்றிவிட்டு, ஒருமுறை நுழைந்து பார்த்த பிறகுதான் பழையதை அழிக்க வேண்டும். அந்த எண் கிடைக்காதபோது நுழைவதற்காகக் கணக்குகள் தரும் மாற்றுக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே போனில் ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் வைத்திருப்பதால் பயனில்லை.

கணினி இருந்தால், கேபிள் போட்டு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். ‘டிசிஐஎம்’ ஃபோல்டரில் கேமரா படங்கள் இருக்கும். புதிய ஆண்ட்ராய்டுகளில் வாட்ஸ்அப் படங்கள், ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’ என்ற ஃபோல்டரில் இருக்கும். அந்த இடம் தெரியாமல் விட்டுவிடுபவர்கள் அதிகம்.

எனக்குக் கோபம் வருவது எங்கே என்றால், அந்த அக்காவின் போனுக்கு ரீசெட் தேவையே இல்லை. ஸ்டோரேஜ் விளிம்புவரை நிரம்பியிருந்தது, அவ்வளவுதான். உள்ளே இடமே இல்லாவிட்டால் எந்தப் போனும் திணறும். வாட்ஸ்அப்பில் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ போய்ப் பெரிய வீடியோக்களை அழித்து, பயன்படுத்தாத ஆப்களை நீக்கி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தாலே பெரும்பாலான போன்கள் மூச்சு விட்டுக்கொள்ளும். அதற்கும் சரியாகாவிட்டால், நீங்கள் போட்ட ஆப்கள் எதுவும் ஓடாத சேஃப் மோடில் ஏற்றிப் பாருங்கள். அதில் ஒழுங்காக ஓடினால், நீங்கள் போட்ட ஏதோ ஓர் ஆப்தான் காரணம். இவ்வளவும் பார்த்த பிறகு வர வேண்டியது ரீசெட். இப்போதெல்லாம் எங்கள் மேசையில் “இருக்கும்” என்ற பதிலை ஏற்றுக்கொள்வதில்லை. “பாத்துட்டேன்” என்று சொன்னால்தான் அடுத்த வேலை.

## கிளவுடில் இருக்கிறது என்று போனில் அழிப்பது

இதுவும் மேலே சொன்ன தவறின் தம்பிதான். இடம் வேண்டுமென்று கூகுள் போட்டோஸ் ஆப்பில் படங்களைத் தேர்ந்தெடுத்து டிலீட் கொடுத்தால், போனில் மட்டுமல்ல, கிளவுடிலும் போய்விடும். போனில் மட்டும் இடம் காலியாக வேண்டுமென்றால் அதற்கு ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்ற தனி வசதி இருக்கிறது. தவறி அழித்துவிட்டால், பேக்கப் ஆன படங்கள் டிராஷில் 60 நாள் இருக்கும். ஆகாதவை 30 நாள்தான். உடனே போய்ப் பாருங்கள்.

ஐகிளவுட் போட்டோஸும் அப்படியே. ஒரே ஆப்பிள் கணக்கைப் பெற்றோரும் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில், பிள்ளை ஐபேடில் அழித்தது அம்மாவின் ஐபோனிலும் காணாமல் போகும். ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## யாரோ போட்டுக் கொடுத்த ஜிமெயில்

“உங்க ஜிமெயில் என்னங்க?” என்று கேட்டால், “போன் வாங்கினப்போ அவங்களே ஏதோ போட்டுக் கொடுத்தாங்க” என்று பதில் வரும். அந்தக் கணக்கின் மீட்பு எண்ணாக எந்த எண் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கடவுச்சொல்லும் தெரியாது. போன் திறந்திருக்கும்வரை இது ஒரு குறையாகவே தோன்றாது.

செட்டிங்ஸ் வழியாக முறையாக அல்லாமல், பட்டன்களை அழுத்தி ரிகவரி (போன் முழுதாக ஏறுவதற்கு முன் வரும் பழுது நீக்கும் திரை) வழியாக ரீசெட் போட்டால், போன் மறுபடி எழுந்ததும் கேட்கும் முதல் கேள்வியே அந்தக் கணக்குதான். திருட்டைத் தடுப்பதற்காக ஆண்ட்ராய்டில் 2015 முதல் இருக்கும் பூட்டு இது. ஐபோனில் 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதலே உண்டு. சொந்தக்காரரே உள்ளே போக முடியாமல் நிற்பதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் பூட்டு தன் வேலையைத்தான் செய்கிறது. போன் திறந்திருக்கும்போதே கணக்கு முகவரியை எழுதி வைத்து, கடவுச்சொல்லை உங்களுடையதாக மாற்றி, உங்கள் கையில் இருக்கும் எண்ணை மீட்பு எண்ணாகப் போட்டுவிடுங்கள். போன் மாற்றும் ஒவ்வொரு தடவையும் புதுக் கணக்கு தொடங்காதீர்கள். இரண்டு வருடம் தொடாமல் விட்ட பழைய கணக்கை, உள்ளே இருக்கும் படங்களோடு சேர்த்து கூகுள் நீக்கிவிடலாம். அதற்கான விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது.

## ரீசன்ட் ஆப்களைத் துடைத்துக்கொண்டே இருப்பது

வேண்டாம். மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் பேட்டரி அதிகம் செலவாகும்.

## உப்பிய பேட்டரி

அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். அணைத்துவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

## பூஜ்ஜியம்வரை தீர்த்துவிட்டுச் சார்ஜ் போடுவது

பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். லித்தியம் பேட்டரிக்கு இது நல்லதல்ல. அதன் பெரிய எதிரி சூடு. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே தலையணைக்கு அடியில் வைப்பதும், கேம் விளையாடுவதும்தான் அதைச் சீக்கிரம் தேய்க்கின்றன. 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி உங்கள் போனில் இருந்தால் ஆன் செய்துவிடுங்கள்.

## நனைந்த போனைச் சார்ஜில் போட்டுப் பார்ப்பது

“ஆன் ஆகுதான்னு பாத்தேன்” என்பார்கள். தண்ணீர் புகுந்த போனைவிட, தண்ணீரோடு மின்சாரமும் புகுந்த போன்தான் அதிகம் சாகிறது. துடைத்து, அணைத்து, சார்ஜ் துளை கீழ்நோக்கி இருக்கும்படி காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். சூடு ரப்பர் சீலையும் பசையையும் கெடுக்கும். தண்ணீரும் தூசியும் புகாது என்பதற்கான ஐபி68 தரக் குறி போட்டிருந்தாலும், அந்தச் சோதனை நடப்பது புதுப் போனில், அசையாத நல்ல தண்ணீரில். உங்களுடையது சில வருடம் பழகியது, ஒருவேளை கீழே விழுந்தது, ஒருமுறை திறந்து பழுது பார்த்தது. உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ என்றால் அந்த ஐபி எண்ணை மறந்தேவிடுங்கள்.

## பழைய போனைக் கைமாற்றும்போது வரிசை மாறுவது

முதலில் அழித்துவிட்டுப் பிறகு யோசிக்கிறார்கள். முதலில் புதிய போனில் வாட்ஸ்அப்பும் ஆத்தென்டிகேட்டரும் வங்கி ஆப்பும் ஓட வேண்டும். அவை ஓடுவதைப் பார்த்து, பழையதையும் சில நாள் அழிக்காமல் கூடவே வைத்திருங்கள். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் அந்த நாட்களில் தெரிந்துவிடும். அதன் பிறகு பழைய போனில் கூகுள் கணக்கை நீக்குங்கள், ஐபோன் என்றால் தொலைந்த போனைத் தேடும் ‘ஃபைண்ட் மை’யை அணைத்து, ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். ரீசெட் அதற்கப்புறம்தான். இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) போட்டிருந்தால், ரீசெட் போடும்போது அதையும் அழிக்கவா என்று தனியாகக் கேட்கும். அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஓகே கொடுக்காமல் படித்துப் பாருங்கள். சிம் டிரேயை இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், மெமரி கார்டு பெரும்பாலும் அதிலேயேதான் மறந்து கிடக்கும்.