பழைய ஃபோர்வீல் வண்டியை வாங்கும் முன் ஏற்காடு மலையில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி வரை ஒரு ரவுண்டு. பிக்கப் இருக்கிறது, ஏசி குளிர்கிறது, பாட்டு நன்றாகப் பாடுகிறது. சரி என்று அட்வான்ஸ் கைமாறிவிடும். சேலத்தில் பழைய ஃபோர்வீல் வண்டி, அதாவது நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கக்கூடிய வண்டி, வாங்கும் பலர் இப்படித்தான் வாங்குகிறார்கள். அந்த ரவுண்டில் வண்டியை இழுத்தது பின் சக்கரம் இரண்டு மட்டுமே. எதற்காகக் கூடுதல் காசு கொடுக்கிறோமோ, முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் அந்தச் சின்ன லீவரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

நானும் முதல் வண்டியை அப்படித்தான் வாங்கினேன். நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு உரம் ஏற்றிப் போக ஒரு பழைய ஜீப். ஐப்பசி மழை, செம்மண் சரிவு. லீவரை ஃபோர் ஹைக்கு, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் நிலைக்குத் தள்ளினேன், லீவர் சரியாக விழுந்தது. பின் சக்கரம் மண்ணைத் தோண்டிக்கொண்டே போனது, முன் சக்கரம் அசையவே இல்லை. இறங்கிக் கீழே படுத்துப் பார்த்தால், முன் ஆக்ஸிலுக்கு இழுவையைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டையே காணோம். போல்ட் மாட்டும் நான்கு ஓட்டைகளிலும் துரு. கழற்றிப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். விற்றவர், "ஃபோர்வீல் பக்கா கண்டிஷனுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். அன்று அந்த மழையில் உர மூட்டைகளைத் தலையில் சுமந்து மேலே கொண்டுபோன ஆட்களின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. உங்களுக்கு அப்படி ஒரு நாள் வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: போனில் பேசும்போதே

"நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தெரியும் குறைகள் சூடேறிய பிறகு ஒளிந்துகொள்ளும். போனதும் முதல் வேலையாக பானட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் காரணம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று கிளம்பிவிடலாம்.

ஆர்.சி. புத்தகத்தின் படத்தை முன்பே அனுப்பச் சொல்லுங்கள். கடன் பாக்கி, பதிவு முடியும் தேதி, இன்சூரன்ஸ், அபராதம் எல்லாவற்றையும் அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம், அதன் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பழைய மாருதி ஜிப்சிகளில் பல அந்தக் கெடுவைத் தாண்டியவை. இன்சூரன்ஸ் உயிரோடு இல்லாத வண்டியை மலையில் ஓட்டிப் பார்க்காதீர்கள், விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

அது உண்மையிலேயே ஃபோர்வீல்தானா என்றும் கேளுங்கள். 2023 ஜனவரியிலிருந்து மஹிந்திரா தார் வண்டியே பின் சக்கர இழுவை மட்டும் உள்ள வகையிலும் வருகிறது. ஸ்கார்ப்பியோ, பொலிரோவில் பெரும்பாலானவை டூவீல் டிரைவ். "ஃபோர் பை ஃபோர்" ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

நாள் குறிக்கும்போது வார நாளாகப் பாருங்கள், காலை ஆறு மணிக்கு. சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழா நாட்களும் வேண்டாம். வளைவுக்கு வளைவு நின்று நகரும் கூட்டத்தில் எதையும் சோதிக்க முடியாது. கூட ஒருவரைக் கண்டிப்பாக அழைத்துப் போங்கள். வெளியே நின்று சக்கரத்தைப் பார்க்க ஒரு ஜோடிக் கண் வேண்டும்.

படி 2: நிற்கும் வண்டி

ஆயில் கேஜை உருவிப் பாருங்கள். கறுப்பாக இருப்பது டீசல் வண்டிக்கு இயல்பு. பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறந்து, கூலன்ட்டின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். முதலில் கொஞ்சம் புகை வந்து நின்றால் பரவாயில்லை. நீலப் புகை விடாமல் வந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. வெள்ளைப் புகை இன்ஜின் சூடான பிறகும் நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே எரிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் தளர்த்தி, எடுக்காமல் அந்தத் துளையின் மேலேயே விட்டுவையுங்கள். மூடி லேசாக ஆடினால் சரி. குதித்து விழுந்தால், புகை குபுகுபுவென்று வந்தால், நம் மெக்கானிக்குகள் சொல்லும் பேக் கம்ப்ரஷன் அதுதான். இன்ஜின் வேலை பக்கத்தில் நிற்கிறது.

படி 3: கீழே படுத்துப் பாருங்கள்

இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு பழைய சாக்கை விரித்துப் படுங்கள். என் வண்டியில் இதற்கு ஒரு நிமிஷம் செலவழித்திருந்தால் ஷாஃப்ட் இல்லாதது அங்கேயே தெரிந்திருக்கும். நடுவில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), அதிலிருந்து பின்னால் ஒரு ஷாஃப்ட், முன்னால் ஒரு ஷாஃப்ட். இரண்டும் இருக்கிறதா? முன் ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். இரு முனையிலும் உள்ள கிராஸில் (சிலுவை வடிவ மூட்டு) ஆட்டம் இருக்கக் கூடாது.

சேசிஸ் சட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கையால் தடவிக்கொண்டே போங்கள். புது வெல்டிங், அதன் மேல் மட்டும் பளபளக்கும் கறுப்புப் பெயின்ட், நெளிவு, இதில் எது தென்பட்டாலும் நின்று கேளுங்கள். விலகிப் போக அதுவே போதுமான காரணம். மேலோட்டமான துரு எல்லாப் பழைய வண்டியிலும் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினால் பொருக்கு உதிர்கிறதா என்பதுதான் கேள்வி.

சட்டத்தின் இடுக்குகளில் ஒட்டியிருக்கும் மண்ணையும் பாருங்கள். வாட்டர் வாஷ் எவ்வளவு அடித்தாலும் இடுக்கில் கொஞ்சம் தங்கும். ஏற்காட்டு எஸ்டேட்டில் உழைத்த வண்டியில் பாக்சைட் செம்மண் இருக்கும். சேலத்து மேக்னசைட் சுரங்கப் பக்கம் ஓடிய வண்டியில் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். "டவுனுக்குள்ள மட்டும்தாங்க ஓடுச்சு" என்று விற்பவர் சொல்வதோடு அது பொருந்துகிறதா என்று யோசியுங்கள். உழைத்த வண்டி என்பதே குற்றமில்லை. ஒழுங்காக ஆயில் மாற்றி ஓட்டிய எஸ்டேட் வண்டி, ஷெட்டில் பூட்டிவைத்த வண்டியைவிட நல்லது.

சென்னைப் பதிவு வண்டி என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை நினைவில் வையுங்கள். கால்மிதியைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்களில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். மெக்கானிக் கூட வந்தால் முன், பின் ஆக்ஸில் ஹவுசிங்கின் ஆயில் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் பால்நிறம் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

டயர் நான்கும் ஒரே அளவா, ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா? காரில் இது சின்ன விஷயம். ஃபோர்வீலில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும், டயரின் உயரம் வேறுபட்டால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ்தான் அடி வாங்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டயரில் பட்டன் (தேயாத மேடு) நிறைய இருக்கிறதே என்று வயதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

படி 4: கோரிமேட்டிலிருந்து மேலே

அடிவாரம் வரை சமதளம், அங்கே இன்ஜினைச் சூடாக்கிக்கொள்ளலாம். ரேடியோவை அணையுங்கள், கண்ணாடியை இறக்குங்கள். ஐம்பது, அறுபது வேகத்தில் ஸ்டீயரிங் கையில் உதறுகிறதா? அடியிலிருந்து ஊளைச் சத்தம் வருகிறதா? ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது ஒரு மாதிரி, விடும்போது ஒரு மாதிரி ஊளையிட்டால் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல் சக்கரங்கள் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, சுமார் 1,200 மீட்டர் ஏற்றம். இன்ஜினையும் கிளட்சையும் பரிசோதிக்க இதைவிட நல்ல இடம் நம் ஊரில் கிடையாது. நேரான ஏற்றத்தில் மூன்றாவது கியரில் நன்றாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. அகலமான இடத்தில் ஓரம்கட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஃபுட் பிரேக்கிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள். வண்டி நிற்க வேண்டும். அங்கிருந்தே முதல் கியரில் கிளப்பிப் பாருங்கள். வளைவில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது முன் சக்கரத்தில் "டக் டக்" என்று கேட்டால் ஆக்ஸில் மூட்டு போயிருக்கிறது. டெம்பரேச்சர் முள் பாதியில் நின்றால் நல்லது. கடைசி வளைவுவரை ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டரோ தெர்மோஸ்டாட்டோ ஹெட் கேஸ்கட்டோ, ஏதோ ஒன்று செலவு வைக்கப் போகிறது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். தார் ரோட்டில் ஃபோர்வீலைப் போட்டுக்கொண்டு வளைவில் திரும்பாதீர்கள். திரும்பும்போது முன் சக்கரம் பெரிய வட்டம் போடும், பின் சக்கரம் சின்ன வட்டம் போடும். நாம் பேசும் வண்டிகளில் ஃபோர்வீல் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். மண்ணில் டயர் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்க வழியில்லை, முறுக்கு முழுவதும் கியருக்குள் ஏறும்.

படி 5: மண்ணில் சின்ன லீவர்

மேலே போனதும் தெரிந்தவர் தோட்டத்து மண் ரோட்டைச் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு பயன்படுத்துங்கள். வனத்துறை நிலத்துக்குள் வண்டியை இறக்க வேண்டாம். சமமான ஓர் இடமும் ஒரு சின்னச் சரிவும் போதும்.

முதலில் டூ ஹையில் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை), முதல் கியரில், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல ஒரு வட்டம் போடுங்கள். வண்டி லகுவாகச் சுற்றும். நிறுத்தி, கிளட்சை மிதித்து, ஃபோர் ஹைக்கு மாற்றி, பத்து மீட்டர் நேராக ஓட்டுங்கள். ஆட்டோ ஹப் (முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு தானாகப் பூட்டும் அமைப்பு) உள்ள வண்டிகளில் முன் சக்கரம் பூட்டிக்கொள்ள இந்தத் தூரம் தேவை. சில பழைய வண்டிகளில் ஹப்பை இறங்கிக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். இப்போது அதே வட்டத்தைப் போடுங்கள். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வண்டி தயங்கும், ஸ்டீயரிங் கனக்கும், டயர் மண்ணை அரைக்கும். அந்தத் தயக்கம்தான் முன் சக்கரத்துக்கு இழுவை போகிறது என்பதற்குச் சாட்சி. டூ ஹையில் போலவே லகுவாகச் சுற்றினால், டேஷ்போர்டில் விளக்கு எரிந்தாலும் நம்பாதீர்கள். லீவர் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து ஃபோர் லோ, நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக பலத்தோடு இழுக்கும் நிலை. வண்டி முழுதாக நிற்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், கிளட்சை மிதித்தபடி நடுவில் உள்ள நியூட்ரலைத் தாண்டி லீவரைப் போடுங்கள். சில ஸ்கார்ப்பியோக்களிலும் இசுசு வி-கிராஸிலும் லீவருக்குப் பதில் குமிழ் இருக்கும். திருப்பிவிட்டு விளக்கு சிமிட்டி நிலைக்கும்வரை பொறுங்கள். முதல் கியரில் கிளட்சை விட்டதும், ஆக்ஸிலேட்டரைத் தொடாமலேயே வண்டி சரிவில் எறும்பு போல ஊர்ந்து ஏற வேண்டும். இந்த நேரத்தில் உங்கள் கூட்டாளி பக்கவாட்டில், வண்டியின் பாதையை விட்டு விலகி நின்று, முன் சக்கரத்தடியில் மண் பின்னால் தள்ளப்படுகிறதா என்று பார்க்கட்டும். லீவரைக் கையால் பிடித்துக்கொள்ளாதீர்கள். பாரம் ஏறியதும் அது தானாக வெளியே துள்ளினால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது. கடகடவென்ற சத்தமும் கூடாது. பிறகு அதே சரிவில் ஃபோர் லோ முதல் கியரிலேயே இறங்குங்கள். பிரேக் இல்லாமலே இன்ஜின் வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும்.

திரும்ப டூ ஹைக்கு வரும்போது லீவர் இறுகிக்கொண்டால் பதற வேண்டாம். ஒரு மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு தளர்ந்து வந்துவிடும். அப்படியும் வராவிட்டால்தான் பிரச்சினை.

"ஃபோர்வீல் போட்டதே இல்லைங்க, புத்தம் புதுசு மாதிரி இருக்கும்" என்பதை விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சங்ககிரியில் லாரி வேலை பார்த்த ஒரு மெக்கானிக் அண்ணன் என்னிடம் சொன்னார்: "போடாத லீவர்தான் தம்பி மொதல்ல போகும்." வருஷக்கணக்கில் நகராத லீவர் துருப்பிடிக்கும், ஆயில் சீல் காய்ந்துபோகும். என் அனுபவத்திலும் அதுதான் உண்மை.

ஃபோர்ஸ் கூர்க்கா ஃபோர்வீல் வண்டிகள் பலவற்றில் முன்னும் பின்னும் டிஃப் லாக் (ஓர் ஆக்ஸிலின் இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும் பூட்டு) உண்டு. அதை நேராக ஓடும்போது மண்ணில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

படி 6: இறக்கம்

டூ ஹைக்கு மாற்றிவிட்டோம் என்பதை ஒருமுறைக்கு இருமுறை உறுதி செய்துகொண்டு இறங்குங்கள். இரண்டாவது கியர், கால் பிரேக்கில் அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது. ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். இன்ஜின் பிடித்து இறங்கும்போது கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் கியர்பாக்ஸ் வேலை இருக்கிறது. நீளமான இறக்கத்துக்குப் பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் கண்ணாடியில் பின்னால் பாருங்கள். நீலப் புகை ஒரு கொத்தாகக் கிளம்பினால் வால்வு சீலோ ரிங்கோ தேய்ந்திருக்கிறது. பிரேக் மிதி பஞ்சு போல உள்ளே போகிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

படி 7: அடிவாரத்தில் டீ

வண்டியை நிழலில் நிறுத்தி, இன்ஜினுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நேர் கீழே ஒரு அட்டையை விரியுங்கள். நான்கு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். மலை இறங்கிய சக்கரம் சூடாகத்தான் இருக்கும். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் பேரிங் போயிருக்கிறது.

டீ குடித்து முடிக்கும் நேரத்தில் அட்டையை எடுத்துப் பாருங்கள். ஏசித் தண்ணீர் நிறமில்லாமல் இருக்கும், அது கணக்கில் இல்லை. பச்சையோ சிவப்போ கலந்த தண்ணீர் கூலன்ட். கறுப்புச் சொட்டு இன்ஜின் ஆயில். கெட்டியாக, மூக்கைத் துளைக்கும் கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். எந்த இடத்தில் எத்தனை சொட்டு என்று அட்டையிலேயே பேனாவால் வட்டம் போட்டு, அதை விற்பவர் முன்னால் வைத்து விலை பேச ஆரம்பியுங்கள்.