வாலாட்டும் நாயையும் காவலுக்குப் பழக்கலாம்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் விளைக்குள், அதாவது தோப்புக்குள், தனி வீடு கட்டியிருப்பவர்கள், “எங்க நாய் யாரைக் கண்டாலும் வாலாட்டுது, இது எங்கே காவல் காக்க?” என்று அலுத்துக்கொள்வதுண்டு. திருட வருபவன் பெரும்பாலும் சத்தத்துக்குத்தான் அஞ்சுவான். குரைக்கப் பழக்கினால் போதும்.

வீட்டில் ஒருவர் வெளியே போய் கேட்டைத் தட்டட்டும். நீங்கள் உள்ளே நின்று “யாரு?” என்று கேளுங்கள். நாய் ஒரு குரை குரைத்ததும், முள் எடுத்த அவித்த சாளை மீனில் ஒரு துண்டு கொடுங்கள். உடனே கொடுக்க வேண்டும். தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்றே அதற்குப் புரியாது. தினமும் ஐந்து நிமிடம் போதும். போகப் போகத் தட்டாமலே, “யாரு?” என்றதும் குரைக்கும்.

அப்புறம், நிறுத்தவும் பழக்க வேண்டும். “போதும்” என்று சொல்லி மூக்கருகே துண்டை நீட்டுங்கள். மோப்பம் பிடிக்க வாயை மூடும், அப்போது கொடுங்கள். நம் பக்கம் இது ரொம்ப அவசியம். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தலையில் விளக்கோடு நடப்பார்கள். வழக்கமாக வருபவர்களைப் பகலிலேயே நாய்க்குப் பழக்கிவிடுங்கள்.

இரவில் பின்பக்கம் சங்கிலியில் கட்டிப்போட வேண்டாம். முன்பக்கம் சிட்அவுட்டில் (திண்ணையில்) படுத்தால் அதற்கு வாசல் கேட்டும் தெரியும், உங்களுக்கும் சத்தம் கேட்கும். கடிக்க மட்டும் பழக்கிவிடாதீர்கள், சரியா? மாட்டுவது பால்காரரும் பேரப்பிள்ளையும்தான். எப்படியும் ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசியைத் தவறாமல் போட்டுவிடுங்கள்.