கண் கட்டிய குதிரை: புரவி எடுப்பை வைத்து ஒரு பரிசோதனை வீடியோ

எங்கள் சிவகங்கைப் பக்கம் ஐயனாருக்குப் புரவி எடுக்கும்போது, அதாவது மண்குதிரை செய்து கோயிலுக்குத் தூக்கிப்போய்க் காணிக்கையாக வைக்கும் திருவிழாவில், கண் திறக்கும் சடங்கு வரைக்கும் அந்தக் குதிரையின் கண்ணைத் துணியால் கட்டி வைத்திருப்பார்கள். சின்ன வயதில் குதிரையைவிட அந்தக் கட்டுத்துணிதான் என்னைப் பயமுறுத்தியது. கும்பிடத் தோன்றும், ஓடவும் தோன்றும். அந்த உணர்வை வீடியோவில் பிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது.

பிடிமண் கொடுக்கும் நாளிலேயே போய்விடுங்கள், கேமரா இல்லாமல். ஊர்க்காரர்கள் ஒரு பிடி மண்ணை வேளார் (குதிரை செய்யும் குயவர்) கையில் கொடுத்தால்தான் வேலை தொடங்கும். எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று பெரியவர்களிடமும் பூசாரியிடமும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். சாமியாடுகிறவரிடம் தனியாகக் கேளுங்கள். அருள் இறங்கிய பிறகு சம்மதம் கேட்க முடியாது. வேண்டாம் என்றால் முகத்தை விட்டுவிட்டுப் பாதத்தை எடுங்கள். மண்ணை அழுத்தி மிதிக்கும் அந்தக் குதிகால் போதும்.

வேளார் வீட்டு முற்றத்தில்தான் அதிக நேரம் இருக்க வேண்டும். குதிரைக்கு முதலில் கால்கள்தான் எழும்பும். உடம்பும் தலையும் வருவதற்கு முன் குழாய் மாதிரி நான்கு கால்கள் மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். பக்கத்தில் கோழி மேயும், யாரோ சட்டி கழுவுவார்கள். ட்ரைபாடைத் தாழ இறக்கி, அசைக்காமல் 90 வினாடி ஓடவிடுங்கள். முதலில் வெறும் மண்தான் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தால் மேலே ஏதோ நிற்கிற மாதிரி இருக்கும். எந்த எஃபெக்டும் இதைத் தராது.

திருவிழா இரவில் டியூப்லைட் வெளிச்சம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடியில் வையுங்கள். முதல் வருடம் 1/60-இல் எடுத்து, படம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடியது. சீரியல் பல்புகளை மட்டும் முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள்.

சத்தம்தான் உயிர். ஆளே இல்லாத மதியத்தில் கோயிலுக்குப் போய் அரை மணி நேரம் பதிவு செய்யுங்கள்: காற்று, பனையோலை உரசல், தூரத்தில் ஒரு பஸ். எடிட்டில், கூட்டம் குதிரையைத் தோளில் தூக்கி வரும் காட்சியில் மேளத்தையும் குலவையையும் எடுத்துவிட்டு அந்த மதியத்தைப் போடுங்கள். நூறு பேர் வாய் திறந்து கத்துவார்கள், கேட்பது பனையோலை மட்டும். பேய்ப்பட இசை மட்டும் வேண்டாம். ஐயனார் ஊரைக் காக்கிற சாமி. அவரைப் பேயாக்குவது தப்பு.

கண் திறக்கும்போது கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள். அவிழ்ந்து விழும் துணியை எடுங்கள்.

பழைய குதிரைகளை யாரும் அப்புறப்படுத்துவதில்லை. நின்ற இடத்திலேயே மண்ணாகும். புதுக்கோட்டை நமணசமுத்திரம் அருகே இளங்குடிப்பட்டி ஐயனார் கோயிலுக்குப் போனால் வரிசை வரிசையாகப் பார்க்கலாம். உங்கள் ஊரிலும் மறுநாள் விடியற்காலையில் போங்கள். புதுக் குதிரையின் கண்ணை முதன்முதலாக அப்போது காட்டுங்கள், பக்கத்தில் முகம் உதிர்ந்த பழைய குதிரையோடு. ஆறு வினாடி. பிறகு திரை இருளட்டும்.