துக்க வீட்டில் சாறிபாத் விதவையின் கதையை வாசிப்பது எப்படி?

எங்கள் சபையில் துக்க வீடுகளுக்குப் போகிறவள் நான். வேதாகமத்தைத் திறக்கும் முன் அடுக்களையைப் பாருங்கள். அரிசி, பால், காப்பித்தூள் இல்லையென்றால் வாங்கி வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். வெறும் வயிற்றோடு இருப்பவர்களிடம் "கர்த்தர் போஷிப்பார்" என்று சொல்வது எனக்குப் பிடிக்காது.

பிறகு முதலாம் இராஜாக்கள் 17ஆம் அதிகாரம். பஞ்ச காலத்தில் சாறிபாத் என்ற ஊரில் ஒரு விதவையிடம் மிஞ்சியது ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும். அவளிடம் வந்த எலியா தீர்க்கதரிசி அவை தீராது என்று சொல்கிறார், அப்படியே நடக்கிறது. மாவு தீராத இடத்தோடு பலர் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள். பானை நிரம்பி வழிந்ததாக அங்கே எழுதியிருக்கவில்லை, தீர்ந்துபோகவில்லை, அவ்வளவுதான். அதே வீட்டில்தான் அவளுடைய மகன் இறக்கிறான். அவள் எலியாவிடமே சண்டைக்கு நிற்கிறாள். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பிள்ளையை மேல்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கர்த்தரிடம் முறையிடுகிறார். துக்கப்படுகிறவர் கோபமாகப் பேசினால் இந்த இடத்தைக் காட்டுங்கள்.

மகன் பிழைத்ததை வாசியுங்கள், ஆனால் அன்றைக்கு அதை வாக்குறுதியாக்கிப் பேசாதீர்கள். ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். "எல்லாம் தேவ சித்தம்" வேண்டவே வேண்டாம். அதை வாசலிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள்.

கூட்டம் கலைந்த அடுத்த வாரம் மறுபடியும் போங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்த அலைச்சலுக்குத் துணையாக நடக்க ஆள் தேவைப்படும்.