ஜிரோகாஸ்தர் கோட்டையும் ஊரும்: ஒரு நாளில் எப்படிப் பார்ப்பது

அல்பேனியாவின் தெற்கே இருக்கும் இந்த மலை ஊருக்குப் பலரும் கடற்கரை ஊரான சாராந்தாவிலிருந்து காலையில் வந்து, கோட்டையில் நாலு படம் எடுத்துவிட்டு மதியமே கிளம்பிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். கோட்டை மேலே இருப்பது மட்டும் இல்லை, கீழே இருக்கும் பழைய வீடு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கோட்டைதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், 2005இல் யுனெஸ்கோ இந்த ஊரைப் பட்டியலில் சேர்த்ததற்கு அர்த்தம் புரியும்.

முதலில் காலணி. தெருவெல்லாம் கல் பாவிய சரிவு, மிதிபட்டு மிதிபட்டு வழவழவென்று ஆகிவிட்டது. அடி தேய்ந்த ஷூவோடு மழை நாளில் போய், பழைய பஜார் சரிவைப் பாதி உட்கார்ந்தபடியே இறங்கியவன் சொல்கிறேன், நல்ல பிடிமானம் உள்ளதாகப் போடுங்கள். பஸ் உங்களைக் கீழே புது ஊரில் இறக்கிவிடும். அங்கிருந்து மேலே டாக்ஸியில் போய்விட்டு, வரும்போது நடந்து இறங்குவது முழங்காலுக்கு நல்லது. கையில் கொஞ்சம் லெக் (அல்பேனியப் பணம்) சில்லறை இருக்கட்டும்.

காலையில் வெயில் ஏறும் முன் கோட்டைக்குப் போய்விடுங்கள். உள்ளே நுழைந்ததும் நீண்ட வளைவுக் கூடம், இருபுறமும் போர்களில் பிடிபட்ட பீரங்கிகள். வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியாது, ஒரு நிமிடம் நில்லுங்கள். 1932இல் மன்னர் ஸோக் காலத்தில் விரிவாக்கிய சிறையும் இங்கேதான். அப்புறம் வெளித்தளத்தில், யாரும் எதிர்பார்க்காத பொருள் ஒன்று: 1957இல் அல்பேனியாவில் இறங்க நேர்ந்த அமெரிக்க விமானப்படையின் டி-33 ஜெட், இப்போது எலும்புக்கூடு மாதிரி நிற்கிறது. உளவு விமானம் என்றது அன்றைய அரசு. வழி தவறி வந்தது என்றது அமெரிக்கா.

ஆர்ஜிரோ என்ற இளவரசி துருக்கியர் கையில் சிக்காமல் குழந்தையோடு மதிலிலிருந்து குதித்தாள், அவள் பெயர்தான் ஊருக்கு வந்தது என்று ஒரு கதை கேட்பீர்கள். ரசித்துக் கேளுங்கள், ஆனால் துருக்கியர் ஊரைப் பிடித்தது 15ஆம் நூற்றாண்டில். ஊர்ப் பெயரோ 1336இலேயே பதிவாகியிருக்கிறது!

மணிக்கூண்டைப் பார்த்த கையோடு மதில் ஓரம் வந்து கீழே பாருங்கள். இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். கூரைகளில் ஓடு இல்லை, சாம்பல் நிறக் கற்பலகைகளை அடுக்கி வேய்ந்திருக்கிறார்கள். மழை பெய்து வெயில் அடித்தால் மொத்தச் சரிவும் மீன் செதில் போல மின்னும். அந்தப் பக்கம் த்ரினோ பள்ளத்தாக்கு.

சரி, இறங்கி வீடுகளுக்குப் போவோம். ஸ்கெந்துலி, ஸெகாத்தே இரண்டில் ஒன்றாவது பாருங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் ஸெகாத்தே: 1812 வாக்கில் கட்டியது, இரட்டைக் கோபுரம், ஆனால் ஏற்றம் மூச்சு வாங்கும். இந்த வீடுகளில் தரைத்தளம் தடித்த கல்சுவர், ஜன்னல் குறைவு, உள்ளேயே மழைநீர்த் தொட்டி. எதிரி வாசலை அடைத்தாலும் தாக்குப்பிடிக்கலாம். மேல்மாடியிலோ நிறைய ஜன்னல்கள், ஓவியம் தீட்டிய கணப்பு. விருந்தினர் அறைக்கு மேலே ஒரு மரத்தட்டிப் பரண், அங்கிருந்து பெண்கள் கீழே நடப்பதைப் பார்ப்பார்களாம். பேசுகிறவருக்கு யார் கேட்கிறார்கள் என்றே தெரியாது.

அல்பேனியாவை நெடுங்காலம் ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜா பிறந்த இடத்தில் இனவரைவியல் அருங்காட்சியகம் இருக்கிறது, எழுத்தாளர் இஸ்மாயில் கதாரே வீடும் பக்கத்துத் தெருக்களில்தான். நேரம் இருந்தால் கோட்டைக்கு அடியில் உள்ள பனிப்போர்க் காலப் பதுங்கு சுரங்கம். எனக்கு அது குளிர்ந்த வெற்று அறைகளாகவே தெரிந்தது.

சாப்பாட்டுக்கு சிஃப்சி கேளுங்கள். அரிசிச் சோறு, முட்டை, புதினா கலந்து, நம் பணியாரக்கல் போன்ற குழிச்சட்டியில் சுட்டெடுக்கும் உருண்டை. சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் காலையில் இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.